பள்ளிக்கூடமா, கோயில் வீதியா, நிறுவன வேலையா? வன்னியில் குடும்பமாகச் சிறுவர் நாடகம் போட நினைப்பவர்களுக்கு

குடும்பமாகச் சிறுவர் நாடகம் போட்டுச் சீவிக்கலாமா என்று, அப்படியே நாடகம் போட்டு வரும் எங்களிடம் கேட்பவர்கள் அனேகமாக இளம் சோடிகள். ஒருவர் நாடகமும் அரங்கியலும் படித்திருப்பார், மற்றவருக்குப் பாட்டு வரும், கையில் ஒரு பிள்ளை இருக்கும். சீவிக்கலாம். ஆனால் கூடவே வேறொரு சின்ன வரும்படியும் வேண்டும். எங்களுக்கு முத்தையன்கட்டுத் தண்ணீரில் விளையும் கொஞ்ச வயல் இருக்கிறது. இவர், என் கணவர், இடையிடையே சவுண்ட் சேர்விஸ் வேலைக்கும் போவார். அது இல்லாவிட்டால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை மாதங்களைக் கடப்பது கஷ்டம்.

அவர்கள் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: நாடகத்தை எங்கே போடுவது? வன்னியில் அதற்கு நாலு வழி உண்டு. கிழமை நாட்களில் பள்ளிக்கூடங்கள். கோயில், தேவாலயத் திருவிழாக்களின் இரவு மேடை. அரசசார்பற்ற நிறுவனங்களும் திணைக்களங்களும் காசு தந்து போடச் சொல்லும் விழிப்புணர்வு நாடகம். கடைசியாக, நகரத்தில் மண்டபம் எடுத்து டிக்கெட் விற்பது.

காசை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒப்பீடு ஒரு வரியில் முடிந்துவிடும். நிறுவனம் அதிகம் தரும், கோயில் அதற்கு அடுத்தது, பள்ளிக்கூடம் கடைசி. எங்கள் வீட்டில் கடிகாரத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். பார்க்கிற பிள்ளை எத்தனை மணி வரை விழித்திருக்கும்? நடிக்கிற பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டால் பார்க்கிற பிள்ளைகள் உற்சாகமாக இருப்பார்கள், ஆனால் அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகளும் தங்கள் வகுப்பில் இருக்க வேண்டியவர்கள். கோயிலில் போட்டால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடாது, நித்திரை கெடும். பார்க்கிற பிள்ளைகளோ பாதியில் தூங்கிவிடுவார்கள். இதை யோசிக்காமல் இறங்கிய குடும்பங்கள் ஒன்றிரண்டு வருடத்தில் நாடகத்தை விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

டிக்கெட் வழியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். டிக்கெட் போட்டு நாடகம் காட்டப் பிரதியைக் கொழும்புக்கு அனுப்பி அனுமதி எடுக்க வேண்டும். 1912 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் தொடங்கிய நடைமுறை அது. பிறகு உள்ளூராட்சி சபைக்குக் களியாட்ட வரி, மண்டப வாடகை, சுவரொட்டி. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தை நிரப்புவது நடக்காத காரியமல்ல. ஆனால் எங்கள் நாடகத்துக்கு வர வேண்டிய வயதுப் பிள்ளைகள் அந்த நேரம் ரியூசனில் இருப்பார்கள். தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பை விட்டுவிட்டுப் பிள்ளையை நாடகத்துக்குக் கூட்டிவரும் தாயை நான் இன்னும் காணவில்லை.

சரி, மற்ற மூன்றுக்கும் வருவோம்.

பள்ளிக்கூடம் எங்கள் வடிவத்தின் பிறந்த வீடு. பாட்டு, ஆட்டம், பார்வையாளரை உள்ளே இழுக்கும் விளையாட்டு என்று வடக்கில் இன்று நாம் போடுகிற சிறுவர் நாடகம் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்குள் வளர்ந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழிவந்தவர்கள்தான் அதைப் பரப்பினார்கள். அதனால் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. நாற்பது நிமிடம், வெட்டவெளிச்சம், நிலத்தில் குந்தியிருக்கும் பிள்ளைகள், ஒரு மேளம். வேறெதுவும் வேண்டியதில்லை.

ஆனால் பேசி வைத்தபடி நடக்க நீங்கள் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும். அதிபர்களுக்கு ஒரு நல்ல மனம் உண்டு. நாடகம் வந்தால் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று தரம் 1 இலிருந்து 11 வரை ஒரே மண்டபத்தில் அடைத்துவிடுவார்கள். பின்னால் இருக்கும் பெரிய பொடியள் எங்கள் நாடகத்து முயலையும் நரியையும் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கிற இடம் வேறு. முன்னால் இருக்கும் சின்னதுகள் மேடையை விட்டுவிட்டுத் திரும்பி அண்ணாமாரைப் பார்க்கும். அதோடு சரி. ஆரம்பப் பிரிவுக்கு மட்டும்தான் போடுவோம் என்று தொலைபேசியில் கதைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு வேண்டுமானால் பிறகு ஒரு மணித்தியாலம் நாடகப் பட்டறை வைக்கலாம். தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்குகிற மாதங்களில் அதிபர்கள் அதைத்தான் கூடுதலாக விரும்புவார்கள், அதற்குத் தனியாகவும் ஏதாவது தருவார்கள்.

மேடையையும் ஏற்காதீர்கள். பள்ளிக்கூட மேடைகள் நாலடி உயரம், முன்னால் பூச்சாடி, பக்கத்தில் குத்துவிளக்கு. பிள்ளையின் கண் மட்டத்தில் நின்று ஆட வேண்டிய நாடகத்தைத் தெய்வம் மாதிரி மேலே வைத்தால் அதுகள் கும்பிட்டுக்கொண்டிருக்கும். கீழே இறங்கி, பிள்ளைகளை அரைவட்டமாக இருத்தி, மைக் இல்லாமல் போடுங்கள். நூற்றைம்பது பிள்ளைகள் வரை குரல் போதும். காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு தொடங்கினால் இடைவேளைக்கு முன் எல்லாம் முடியும். பதினொரு மணிக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழ் ஆடுகிறவர்களுக்கும் மூச்சு வாங்கும், இருக்கிறவர்களுக்கும் கண் சொருகும்.

ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத சின்னப் பள்ளிக்கூடங்கள் வன்னியில் பல உண்டு. துணுக்காய்ப் பக்கம், வவுனியா வடக்கு, மடு வலயம் எல்லாம் அப்படித்தான். வெளியிலிருந்து யாரும் வராத இடங்கள் அவை. நாங்கள் போட்டதில் நல்ல காட்சிகள் என்று சொல்லக்கூடியவை பெரும்பாலும் அங்கேதான் அமைந்தன. காசுக்கணக்கில் பார்த்தால் நட்டம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து ஒரே நாளில் இரண்டு காட்சி வைத்தால் டீசல் காசாவது தேறும். வலயக் கல்விப் பணிமனையின் கடிதம் இல்லாமல் அதிபர் கேற்றுக்குள் விடமாட்டார், விடவும் கூடாது. முல்லைத்தீவு மாவட்டத்துக்குள்ளேயே முல்லைத்தீவு, துணுக்காய் என்று இரண்டு வலயம் இருக்கிறது. ஒன்றின் கடிதத்தை மற்றதில் காட்டிப் பயனில்லை.

காசு எங்கிருந்து வரும்? பிள்ளைகளிடம் சேர்க்கிற காலம் போய்விட்டது. அதிபர்கள் அதற்குத் தயங்குகிறார்கள், தயங்குவதும் சரி. பழைய மாணவர் சங்கம், வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம், யாரோ ஒருவரின் நினைவுநாள் என்று ஏதாவது ஒரு பொறுப்பேற்பு வேண்டும். நினைவுநாளில் அன்னதானம் கொடுப்பவர்கள் சிலர் இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாடகமும் கொடுக்கிறார்கள். அந்தத் தொகை பெரிதாக இராது, ஆனால் இழுபறி இல்லாமல் வரும். காட்சிகள் வருடம் முழுக்கச் சமமாகவும் வராது. முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, தவணைக்குத் தவணை பரீட்சை, பொதுப் பரீட்சை நிலையமாக்கப்பட்ட பள்ளிக்கூடங்கள் என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது கொஞ்சம். இதற்குள் ஒக்டோபர் 1 சிறுவர் தினம் வந்துவிடும். அன்றைக்கு எல்லாப் பள்ளிக்கூடங்களும் முன்பள்ளிகளும் ஒன்றாகக் கூப்பிடும். ஒரு குடும்பத்தை எத்தனை துண்டாக வெட்டுவது?

கோயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஆசையும் ஏமாற்றமும் அங்கேதான் கூட.

வன்னியில் கோயில் வீதி என்றால் கூத்துக் களரி. முல்லைத்தீவுப் பக்கம் முல்லைமோடி என்ற பாணியில் ஆடும் கோவலன் கூத்து, எங்கும் ஆடும் காத்தவராயன் கூத்து, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் வாசாப்பு என்கிற கத்தோலிக்க நாடகம். இரவிரவாகக் கூத்துப் பார்த்துப் பழகிய சனம் இது. அப்படிப்பட்ட சனம் முன்னால் நாடகத்தோடு போய் நிற்பது ஒரு பாக்கியம், சந்தேகமே இல்லை. பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், பிறகு ஆவணி வரை ஊர்க்கோயில்களின் கொடியேற்றத் திருவிழாக்கள். காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் தொடங்கிச் சிறுபோகம் வெட்டும் வரை போகும் பருவம். அன்றைய திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் காசை உறையில் போட்டுத் தட்டில் வைத்து அன்றைக்கே தருவார், சாப்பாடும் தருவார், சவுண்டும் லைட்டும் அவர்களுடையது. பொன்னாடையும் போர்த்துவார்கள். எங்கள் வீட்டு அலுமாரியில் இப்போது துணி வைக்க இடமில்லாத அளவுக்குப் பொன்னாடை. எண்ணெய் நிலையத்தில் அதை வாங்க மாட்டார்கள் என்பதுதான் குறை.

நேரம்தான் பிரச்சினை. ஏழரைக்கு நாடகம் என்று நோட்டீசில் அடித்திருக்கும். பூசை முடிந்து, வசந்தமண்டபத்தில் இருந்து சுவாமி வெளிக்கிட்டு, வீதி சுற்றி வர ஒன்பது. பிறகு கௌரவிப்பு. பிறகு நன்றியுரை என்று தொடங்கி யாராவது ஊர் வரலாறு சொல்வார். உங்களுக்கு மைக் கிடைக்கும்போது பத்தேகால். முன்வரிசைப் பிள்ளைகள் தாயின் மடியில் சுருண்டிருக்கும். முழித்திருப்பவர்கள் கச்சான் கடைப் பக்கம் நிற்கும் இளைஞர்கள். முயலை யாருக்குக் காட்டுவது? போதாக்குறைக்கு இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் உயர் நீதிமன்றக் கட்டளை ஒன்று 2007 இலிருந்து இருக்கிறது. எல்லாத் திருவிழாவிலும் ஒரே மாதிரி அதைப் பார்ப்பதில்லை. ஆனால் பொலிஸ் வந்து நிறுத்தச் சொன்னால் நிற்பது கடைசி நிகழ்ச்சி, அந்தக் கடைசி நிகழ்ச்சி அனேகமாக நீங்கள்தான்.

இதை எங்கள் உறவுக்காரரான, கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரிடம் ஒருமுறை முறையிட்டேன். அவர் வெற்றிலையை மென்றபடி, "பிள்ளையள் நித்திரை கொண்டால் என்ன மோளே? சண்டைக் கட்டம் வர மத்தளம் எழுப்பும். நாங்களெல்லாம் அப்பிடித்தான் கூத்துப் பழகினது" என்றார். நெடுநாள் யோசித்த பிறகுதான் அவர் சொன்னது அவருடைய கலைக்குச் சரி, எங்களுடையதற்குப் பொருந்தாது என்று விளங்கியது. கூத்து நித்திரையைக் கணக்கில் எடுத்துக் கட்டப்பட்டது. வரவுப் பாட்டில் ஆள் யார் என்று சொல்லிவிடுவார்கள், ஒரு சேதியைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள், கதை ஏற்கனவே எல்லோருக்கும் தெரியும். பிள்ளை ஒரு மணித்தியாலம் தூங்கி எழும்பினாலும் விட்ட இடம் பெரிதாகத் தெரியாது. எங்கள் நாடகம் நாற்பது நிமிடக் கதை. நரி பொய் சொல்கிற இடத்தில் கண்ணயர்ந்த பிள்ளைக்கு முயல் ஏன் ஓடுகிறது என்று தெரியாது.

ஆகவே கோயிலைத் தெரிபவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நேரத்தைப் பேசி வாங்குவது. பின்னேரப் பூசைக்கும் சுவாமி வெளிவீதி வருவதற்கும் இடையில் அரை மணித்தியால இடைவெளி இருக்கும், அதைத் தாருங்கள் என்று கேட்பது. நிர்வாக சபைத் தலைவரிடம் கேட்டால் உபயகாரரைக் கைகாட்டுவார், உபயகாரர் ஐயரைக் கைகாட்டுவார். ஐயரிடமே நேரே கேட்டுவிடுங்கள், பூசை எத்தனை மணிக்கு முடியும் என்று உண்மையாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். தொகையைக் குறைத்தாவது அந்த நேரத்தை வாங்குங்கள். இரண்டாவது வழி, நாடகத்தையே கூத்துப் பாங்குக்கு மாற்றுவது. மாம்பழத்துக்காகப் பிள்ளையாரும் முருகனும் உலகம் சுற்றப் போட்டி போடும் கதையைச் சிந்துமெட்டில் போட்டுப் பார்த்தோம். கதை எல்லோருக்கும் தெரியும், முருகன் சுற்றிச் சுற்றி ஓட முடியும், நித்திரையால் எழும்பின பிள்ளைக்கும் விளங்கும். கோயிலுக்கும் மனநிறைவு. நரி, முயல் என்று போனால் "சாமிக் கதை ஒன்றுமில்லையோ" என்று கேட்பார்கள்.

பெரிய பொங்கல்களை நாங்கள் விட்டுவிட்டோம். வற்றாப்பளையில் அவ்வளவு சனத்துக்குள், கடைகளின் சத்தத்துக்கும் தொலைந்த பிள்ளை அறிவித்தலுக்கும் நடுவே ஒரு சிறுவர் நாடகம் எடுபடாது. அங்கே நாங்கள் கும்பிடப் போகிறோம். சின்ன ஊர்க்கோயில், நாலைந்தாம் திருவிழா, ஊர்ச்சனம் மட்டும் என்றால் நன்றாக இருக்கும். மன்னார்ப் பக்கத்து ஊர்த் தேவாலயங்களில் திருவிழா நாடகத்தைப் பார்க்கிற ஒழுங்கு இன்னும் நன்று. வாசாப்புப் பழக்கம் உள்ள ஊர்களில் பிள்ளைகள் களரியைச் சுற்றி இருக்கிற விதமே வேறு.

திருவிழாவிலிருந்து திரும்புகிற வழியையும் கணக்கில் சேருங்கள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர், இடையில் காடு. நடுச்சாமத்தில் யானை நிற்கும். யானையைவிட ஆபத்து றோட்டில் படுத்திருக்கும் மாடு, கறுப்பு மாடு என்றால் கிட்டப் போகும் வரை தெரியாது. பின்னால் பிள்ளைகள் உடுப்பு மூட்டைகளின் மேல் படுத்திருக்க, முன்னால் நாங்கள் இருவரும் வீதியைப் பார்த்துக் கண் எரிய இருப்போம். தரும் காசில் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. சோளகக் காற்று வேறு. வைகாசியிலிருந்து ஆவணி வரை திறந்த மேடையில் படங்கு கட்டித் திரை போட்டால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். நாங்கள் இப்போது திரையே கொண்டுபோவதில்லை. மூங்கிலில் கட்டிய இரண்டு ஓலைத்தட்டி போதும்.

நிறுவன வேலைக்கு வருகிறேன். யுத்தம் முடிந்து சனம் மீளக் குடியேறிய காலத்தில் கண்ணிவெடி அபாயத்தை ஊரூராகச் சொல்ல வீதி நாடகங்கள் போடப்பட்டன. வன்னியில் நாடகத்துக்குக் காசு கொடுக்கலாம் என்ற பழக்கமே அதோடுதான் பரவியது என்று சொன்னால் மிகையில்லை. இப்போது டெங்கு, போதைப்பொருள், இளவயதுத் திருமணம், சிறுவர் துஷ்பிரயோகம், குப்பை. தொகை நல்லது. வாகனக் காசு தனி. ஆனால் விலைமனு, மன்றப் பதிவு, மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பார்த்தவர்களின் கையொப்பப் பட்டியல், படங்களோடு அறிக்கை எல்லாம் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் மன்றமாகப் பதிந்துகொள்வது எப்படியும் நல்லது, பிரதேச கலாசார விழாவுக்கும் அது உதவும். காசு கைக்கு வர மாதக்கணக்கு எடுக்கும். எங்களுக்கு ஒரு நிறுவனம் தர வேண்டிய தொகையின் பாதி, திட்டம் முடிந்துவிட்டது என்ற ஒரு கடிதத்தோடு போயே போய்விட்டது. முற்பணம் பாதி வாங்காமல் வெளிக்கிடாதீர்கள்.

காசைவிடப் பெரிய சிக்கல் பிரதியில் வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை செய்தி சொல்ல வேண்டும் என்பார்கள். கடைசிக் காட்சியில் உத்தியோகத்தர் ஒருவர் வந்து விளக்கம் கொடுக்க வேண்டும் என்பார்கள். அவர் வருகிற நேரம் பிள்ளைகள் எழும்பிச் செருப்புத் தேடும். எதை ஏற்கலாம் என்று நாங்கள் வைத்திருக்கும் அளவு இது: கருப்பொருளே விளையாடக் கூடியதா? நுளம்பு விளையாடும். நுளம்பாக வருகிறவர் பார்வையாளர் நடுவே போய்க் கடித்தால் அரை மணித்தியாலம் போவது தெரியாது, சிரட்டையைக் கவிழ்த்து வைக்கவும் பிள்ளை படித்துவிடும். யானை விளையாடும். வயலுக்குள் வரும் யானையின் பக்கத்துக் கதையையும் சொல்லலாம்.

துஷ்பிரயோகம் பற்றிய நாடகத்தைக் குடும்பமாகப் போடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். நாடகம் முடிந்த பின் ஒரு பிள்ளை மெல்ல வந்து உங்கள் சட்டையைப் பிடித்து ஏதோ சொல்லத் தொடங்கும். அதைக் கேட்டுச் சரியாக நடக்கப் பயிற்சி வேண்டும், அந்த இடத்திலேயே சிறுவர் உரிமை உத்தியோகத்தரோ ஓர் உளவளத்துணையாளரோ நிற்க வேண்டும். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தைப் பாட்டில் சேர்த்துப் படித்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போவது போதாது. ஆள் நிற்பார் என்று எழுத்தில் தந்தால் பெரியவர்கள் இருவரும் போவோம். பிள்ளைகள் வரமாட்டார்கள்.

இப்போது எங்கள் முடிவு. நாடகத்தை இரண்டு அளவில் வைத்திருக்கிறோம். ஒன்று இருவர் நாடகம். நானும் இவரும் மட்டும். நான் முயல், அவர் நரி, சிங்கத்துக்கு முகமூடி, மேளத்தை யார் கை சும்மா இருக்கிறதோ அவர் அடிப்பார். கிழமை நாட்களில் பள்ளிக்கூடங்களுக்குப் போவது இதுதான். எங்கள் பிள்ளைகள் அந்த நேரம் தங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும்போது நாங்களும் வீட்டில் இருப்போம். மற்றது குடும்ப நாடகம். மூன்று பிள்ளைகளும் இவருடைய தம்பியும் சேர்ந்தது. அது விடுமுறைக்கும், சனி இரவுத் திருவிழாவுக்கும், வெளியூர் நாடக விழாக்களுக்கும். மறுநாள் பள்ளிக்கூடம் உள்ள இரவில் பிள்ளைகள் மேடையேற மாட்டார்கள். எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் இதில் மாற்றமில்லை. இதனால் உறவுக்காரர் இரண்டு பேர் இப்போது எங்களோடு கதைப்பதில்லை.

இருவர் நாடகத்துக்கு ஒரு குறை உண்டு, சொல்லத்தான் வேண்டும். மேடையில் ஒரு பிள்ளை நிற்கும்போது பார்க்கிற பிள்ளைகளின் முகம் மாறும். நாற்பது வயதில் நான் எவ்வளவு துள்ளினாலும் அது வராது. அதனால் பார்வையாளரிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு மரமாகவும் குளமாகவும் நிறுத்துகிறோம். மரம் அனேகமாகத் தன் இஷ்டத்துக்குக் கதைக்கத் தொடங்கும். அதற்கு இடம் விட்டுப் பிரதியை எழுதியிருக்கிறோம்.

வெளியூர் விழாக்களை இந்த ஒப்பீட்டில் தனி வழியாக நான் வைக்கவில்லை. மார்ச் 20 சிறுவர், இளையோர் அரங்குக்கான உலக நாள், 27 உலக அரங்க நாள். அந்த வாரங்களில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஏதாவது நடக்கும். போனால் காசு வராது, போக்குவரத்துக்கே கைக்காசு போகும். ஆனால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகள் பார்ப்பது அங்கேதான். வருடத்தில் ஒன்று போதும், அதைச் சுற்றுலாச் செலவாக எழுதிவிடுங்கள்.

வாகனம் பற்றியும் கேட்பார்கள். ஒரு வானை வாங்கிவிட்டுத் தொடங்காதீர்கள். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. லீசிங் கட்டிக்கொண்டிருந்த ஒரு குழு அதோடு கலைந்தது. நாங்கள் தப்பியது சொந்த வாகனம் இல்லாததால். இருவர் நாடகத்தின் சாமான்கள் எல்லாம் ஓர் ஆட்டோவுக்குள் அடங்க வேண்டும் என்று வைத்தே செய்திருக்கிறோம். குடும்ப நாடகத்துக்கு ஊரில் ஒரு பட்டாவை, அதாவது சின்ன லொறியை, நாள் வாடகைக்கு எடுப்போம். கிட்டிய ஊர் என்றால் லான்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியே போதும், பிள்ளைகளுக்கு அதுதான் விருப்பமும். வாங்குவதென்றால் முதலில் பற்றரியில் ஓடும் ஒரு நல்ல ஸ்பீக்கரை வாங்குங்கள். கரண்ட் போகிற நேரம் உங்களைக் கேட்டு வராது.

இவ்வளவும் பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும் வரைக்கும் பொருந்தும் கணக்கு. மூத்தவளுக்கு இந்த வருடம் சாதாரணதரம், இனி நடிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், சத்தம் போடாமல்தான் சொன்னாள். அவளுடைய ஆமைப் பாகத்துக்கு ஊரில் ஒரு பிள்ளையைப் பழக்கலாமா, இல்லை ஆமையைப் பாவையாகச் செய்து நாங்களே ஆட்டலாமா என்று கதைத்துக்கொண்டிருக்கிறோம். வெளிப் பிள்ளை என்றால் தாய் தகப்பனின் எழுத்துச் சம்மதம், கூட வர ஓர் ஆள், வீட்டில் கொண்டுபோய் விடுகிற பொறுப்பு எல்லாம் சேரும், பட்டாவிலும் இடம் காணாது. பாவை என்றால் அந்தச் சிரமம் இல்லை, ஆனால் நானும் இவரும் இருவர் நாடகத்திலேயே கை நிறைய வைத்திருக்கிறோம். கடைக்குட்டி ஆமையின் பாட்டு முழுவதையும் பாடமாக்கி வைத்திருக்கிறான். அவனுக்கு வரும் வருடம் புலமைப்பரிசில்.